பேச்சுரிமையோடு கூட வரும் கொள்கைகள்

பேச்சுச் சுதந்திரம் என்பது சுருக்கமான ஒரு கொள்கை. ஒருவர் தம் மனத்தில் பட்டதைச் சொல்வதற்கும் எழுதுவதற்கும் அதிகாரத்தில் உள்ளோர் தடை போடலாகாது என்பதே அதன் சாரம். அதில் சாதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சீதனம், பெண் கல்வி, தாய்மொழி, சிறுபான்மையோர் உரிமை என்பவை பற்றியும் இல்லை. ஆயினும் எமது தீபகற்பத்தின் கடந்த நூறு ஆண்டு வரலாற்றை எடுத்து நோக்கினால், பேச்சுரிமைக்காகக் குரல் கொடுத்தவர்களுள் மிகப் பலர் இவற்றுக்காகவும் குரல் கொடுத்திருப்பதைக் காணலாம். ஒருவர் பத்திரிகைத் தணிக்கையை எதிர்க்கிறார் என்று அறிந்தால், தீண்டாமை பற்றியும் பெண்ணுரிமை பற்றியும் அவர் என்ன சொல்வார் என்பதைப் பெரும்பாலும் கேட்காமலே ஊகித்துவிடலாம். இது ஏன்?

இவ்வினாவை ஆராய்வதற்கு எமக்கென்று ஒரு காரணம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, அது தவறு என்று எழுத்தில் வைத்த தமிழர் சிலர் இருந்தனர். முஸ்லிம்களின் பிரச்சினைக்கென்று அவர்கள் கூடியிருக்கவில்லை. பேச்சுரிமைக்காகவும் உயிர்வாழும் உரிமைக்காகவும் அதற்கு முன்பே ஒன்றுசேர்ந்தவர்கள் அவர்கள். ஒரு கொள்கையிலிருந்து மற்றொரு கொள்கைக்கு அவர்களை அழைத்துச் சென்றது எது என்று அறிந்தால், நாளை எமக்காக யார் பேசுவார்கள், நாம் யாருக்காகப் பேசுவோம் என்பதையும் ஓரளவு அறியலாம்.

வாலிப காங்கிரசின் பட்டியல்

1924 ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் என்ற அமைப்பு தோன்றியது. பின்னாளில் அது வாலிப காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. ஆசிரியரான ஹண்டி பேரின்பநாயகம் அதன் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். 1927 நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது அவரை வரவேற்பதில் இவ்வமைப்பே முன்னின்றது.

காங்கிரசின் கொள்கைகளை வரிசைப்படுத்தினால் நீண்ட ஒரு பட்டியல் கிடைக்கும். அந்நிய ஆட்சியை அச்சமின்றி விமர்சிக்கும் உரிமை, பூரண சுயராச்சியம், தீண்டாமை ஒழிப்பு, பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம், தாய்மொழிக் கல்வி, சிங்களவர் தமிழையும் தமிழர் சிங்களத்தையும் கற்றல், இனமத பேதமற்ற இலங்கைத் தேசியம், கதராடை. அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வகுப்பறையில் நிலத்தில் இருந்து படித்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இப்பட்டியலின் துணிவு விளங்கும்.

இப்பட்டியலில் உள்ள கொள்கைகள் எல்லாம் ஒரே வகையில் ஒன்றோடொன்று பிணைந்தவையா? அமெரிக்க அரசறிவியலாளர் பிலிப் கொன்வேர்ஸ் 1964 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மனிதரின் நம்பிக்கைகள் தொகுதியாக அமைவதற்கு மூன்று வகையான காரணங்கள் உண்டு என்றார். ஒன்று தர்க்கம், இரண்டாவது உளப்பாங்கு, மூன்றாவது சமூகச் சேர்க்கை. இம்மூன்றையும் எமது நாட்டு உதாரணங்களோடு பொருத்திப் பார்ப்போம்.

தர்க்கத்தால் வரும் பிணைப்பு

சில கொள்கைகள் ஒன்றிலிருந்து மற்றொன்று முளைத்து வருபவை. அறிஞர் சித்திலெப்பையை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். 1882 இல் அவர் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். ஒரு சமூகம் தன் குறைகளைத் தானே எழுதவும் வாசிக்கவும் வேண்டும் என்பது அவரது நோக்கம். ஆனால் பத்திரிகை நடத்துபவருக்கு வாசிக்கத் தெரிந்த மக்கள் வேண்டும். சமூகத்தில் பாதிப்பேர் பெண்கள். அவர்களுக்கு எழுத்தறிவு இல்லையெனில் பத்திரிகையின் குரல் வீட்டு வாசலோடு நின்றுவிடும். ஆகவே அவர் கண்டியில் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்ததும், பத்திரிகை நடத்தியதும், 1885 இல் 'அசன்பேயுடைய கதை' என்ற நாவலை எழுதியதும் ஒரே முயற்சியின் மூன்று படிகள் எனலாம்.

வாலிப காங்கிரசின் பட்டியலிலும் இத்தகைய பிணைப்புகள் உண்டு. பொதுக்கூட்டத்தில் எவரும் பேசலாம் என்று சொன்னவுடன், எவரெவர் அந்த மண்டபத்துள் வரலாம், எங்கே அமரலாம் என்ற கேள்வி எழுகிறது. ஆகவே பேச்சுரிமையிலிருந்து சம ஆசனம் பிறக்கிறது. எந்த மொழியில் பேசுவது என்ற கேள்வி எழுகிறது. ஆகவே தாய்மொழிக் கல்வி பிறக்கிறது.

இலங்கை அரசியலமைப்பும் இப்பிணைப்பை ஏற்றுக்கொள்கிறது. 1978 ஆம் ஆண்டு யாப்பின் 14(1) ஆவது உறுப்புரையில் முதலில் வருவது பேச்சுச் சுதந்திரம். அதே உறுப்புரையில் ஒன்றுகூடும் உரிமை, மதத்தை வெளிப்படையாக அனுட்டிக்கும் உரிமை, சொந்தக் கலாசாரத்தைப் பேணவும் சொந்த மொழியைப் பயன்படுத்தவும் உள்ள உரிமை, இலங்கையில் எங்கும் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் உள்ள உரிமை என்பனவும் வரிசையாக வருகின்றன. பேசும் உரிமையும் ஊரில் வசிக்கும் உரிமையும் ஒரே உறுப்புரையில் இருப்பதன் பொருளை யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

உளப்பாங்கால் வரும் பிணைப்பு

தன் வாய் கட்டப்பட்ட அனுபவம் உள்ளவருக்கு வாய் கட்டப்பட்ட மற்றவரின் வலி விரைவில் புரியும். 1981 மே 31 இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. அந்த எரிப்பைப் பற்றி எழுந்த கவிதைகளுள் இன்றுவரை அதிகம் பேசப்படுவது 'புத்தரின் படுகொலை'. அதை எழுதியவர் கல்முனைக்குடியிற் பிறந்து யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து பணியாற்றிய எம்.ஏ. நுஃமான். அதே 1981 இல் அவரது மொழிபெயர்ப்பில் 'பாலஸ்தீனக் கவிதைகள்' நூலும் வெளிவந்தது. யாழ்ப்பாணத்து நூலகத்துக்காகவும் பாலஸ்தீனத்து மண்ணுக்காகவும் ஒரே பேனா எழுதியதற்குத் தர்க்க விதி எதையும் தேட வேண்டியதில்லை. அநீதியைக் கண்டு பதைக்கும் மனம் அது யாருக்கு நேர்ந்தது என்று முதலில் கேட்பதில்லை.

சேர்க்கையால் வரும் பிணைப்பு

மூன்றாவது காரணம் எளிமையானது. அதனாலேயே அதிகம் கவனிக்கப்படாதது. வாலிப காங்கிரசார் கதர் உடுத்தினர். பேச்சுரிமைக்கும் கைநூற்புத் துணிக்கும் தர்க்க உறவு ஏதுமில்லை. மில் துணி உடுத்திய ஒருவரும் தணிக்கையை எதிர்க்கலாம். கதர் எப்படி வந்தது? இந்தியத் தேசிய இயக்கத்தோடு வந்தது. தாம் மதித்த மனிதர்கள் உடுத்ததால் இவர்களும் உடுத்தார்கள்.

1980களின் யாழ்ப்பாணத்திலும் இதையே காண்கிறோம். பல்கலைக்கழகத்தையும், பெண்கள் ஆய்வு வட்டத்தையும், பூரணி பெண்கள் நிலையத்தையும் சுற்றிச் சிறியதொரு வட்டம் உருவாயிற்று. நாடகம், கவிதை, பெண்ணிலைவாதம், மனித உரிமை எல்லாம் அங்கே கலந்தன. 1986 இல் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற தொகுப்பை வெளியிட்டது. பத்துப் பெண் கவிஞர்களின் கவிதைகள் அதில் இடம்பெற்றன. அவர்களுள் மசூறா ஏ. மஜீட்டும் ஒருவர். அந்த வட்டத்துக்கு ஒரு தலைப்பின்மூலம் வந்து சேர்ந்தவர் மற்றத் தலைப்புகளையும் கற்றுக்கொண்டார். நண்பர்களிடமிருந்து நாம் கொள்கைகளைப் பெறுவது, அவர்களிடமிருந்து பேச்சு வழக்கைப் பெறுவது போன்றதே. பெற்றோம் என்பதுகூட எமக்குத் தெரிவதில்லை.

தொகுதி பிரியும் இடங்கள்

இவ்வளவும் படித்தபின், பேச்சுரிமையாளர் எல்லோரும் சமத்துவவாதிகள் என்ற முடிவுக்கு வந்துவிடலாகாது. வரலாறு அந்த முடிவுக்கு இடம் தரவில்லை.

சேர் பொன்னம்பலம் இராமநாதனை நோக்குவோம். 1915 இல் சிங்கள முஸ்லிம் கலவரத்தை அடுத்துப் பிரித்தானிய அரசு இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து பலரைச் சுட்டது; பலரைச் சிறையிட்டது. சட்ட நிரூபண சபையில் எழுந்து அந்த அத்துமீறல்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தவர் இராமநாதன். சிங்களத் தலைவர்கள் அவரைத் தேரில் வைத்து இழுத்துச் சென்று கொண்டாடினர். மருதனார்மடத்தில் 1913 இல் பெண்கள் கல்லூரி தொடங்கியவரும் அவரே. அதே இராமநாதன், டொனமூர் ஆணைக்குழு எல்லோருக்கும் வாக்குரிமை வழங்கச் சிபாரிசு செய்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்ணுக்குக் கல்வி வேண்டும், வாக்கு வேண்டாம். அரசை விமர்சிக்கும் உரிமை கற்றோருக்கு வேண்டும், ஆளும் உரிமை எல்லோருக்கும் வேண்டாம் என்பதே அவர் எடுத்த நிலைப்பாடுகளின் திரண்ட பொருள். 1915 கலவரத்தில் தாக்கப்பட்டு உடைமை இழந்தவர்கள் முஸ்லிம்கள் என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். இராணுவச் சட்டத்தால் வருந்தியோருக்கு அவர் தந்த உரத்த குரல், கலவரத்தால் வருந்தியோருக்குக் கிடைத்ததாக முஸ்லிம்கள் உணரவில்லை.

உலகப் புகழ்பெற்ற உதாரணமும் ஒன்றுண்டு. 1859 இல் ஜோன் ஸ்டுவர்ட் மில் சுதந்திரம் பற்றி எழுதிய நூல் இன்றும் பேச்சுரிமையின் அடிப்படைப் பாடநூலாகக் கருதப்படுகிறது. 1866 இல் பெண்களுக்கு வாக்குரிமை கோரும் மனுவைப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்தவரும் அவரே. ஆனால் அவர் 35 ஆண்டுகள் கிழக்கிந்தியக் கம்பனியில் பணிபுரிந்தவர். தாம் சொல்லும் சுதந்திரம் 'முதிர்ச்சியடையாத' சமூகங்களுக்குப் பொருந்தாது என்று அதே நூலில் எழுதியவர். நாம் வாழும் நாடுகளையும் உள்ளடக்கியே அவர் அவ்வாறு சொன்னார்.

ஆகவே தர்க்கம் ஒரு கொள்கையிலிருந்து மற்றொன்றுக்கு வழி காட்டும். ஆனால் கைபிடித்து இழுத்துச் செல்லாது. வழியில் எங்கே நிற்பது என்பதைப் பெரும்பாலும் ஒருவரது நலனும் சேர்க்கையுமே தீர்மானிக்கின்றன.

தொகுதி கண்ணை மறைத்தபோது

கொள்கைத் தொகுதியால் ஒரு ஆபத்தும் உண்டு. தொகுதியில் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடலாம். 1931 ஏப்ரலில் நடந்த வாலிப காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்க இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்யாய வந்திருந்தார். டொனமூர் யாப்பு பூரண சுயராச்சியத்தைத் தரவில்லை என்பதால் அதன்கீழ் நடைபெறும் தேர்தலைப் பகிஷ்கரிக்கும் நிலைப்பாடு அங்கே வலுப்பெற்றது. விளைவாக யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை.

சுயராச்சியக் கொள்கையின்படி அது நேர்மையான முடிவு. ஆனால் அந்தத் தேர்தல்தான் 21 வயது நிரம்பிய பெண்களும், சொத்தோ படிப்போ இல்லாத ஏழைகளும், ஒடுக்கப்பட்ட சாதியினரும் இலங்கையில் வாக்களிக்கவிருந்த முதல் தேர்தல். தென்னிலங்கைப் பெண்கள் 1931 இல் வாக்களித்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்கள் 1934 ஆம் ஆண்டின் இடைத்தேர்தல் வரை காத்திருந்தார்கள். சம ஆசனத்துக்காகப் போராடியவர்களே, தாம் யாருக்காகப் போராடினார்களோ அவர்களது முதல் வாக்கைப் பிற்போட நேர்ந்தது. பெண் ஒருவர் தலைமை வகித்த மாநாட்டில் அந்த நிலைப்பாடு வலுப்பெற்றது என்பது வரலாற்றின் முரண். ஒரு பெரிய கொள்கையைக் கையிலெடுக்கும்போது, அதன்கீழ் நசுங்கும் சிறிய உரிமை எது என்று கேட்கும் பழக்கம் வேண்டும் என்பதை இது கற்பிக்கிறது.

1990 என்ற உரைகல்

பொன்னை உரைகல்லில் உரைப்பதுபோல் ஒரு கொள்கையை உரைத்துப் பார்க்க ஒரு கல் உண்டு. எதிராளி என்னை ஒடுக்கும்போது நான் சுதந்திரம் பேசுவது இயல்பு. என் பக்கத்தார் இன்னொருவரை ஒடுக்கும்போது நான் என்ன செய்கிறேன் என்பதே அந்தக் கல்.

யாழ் பல்கலைக்கழகத்தில் 1988 இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு உருவாயிற்று. உடற்கூற்றியல் துறைத் தலைவர் வைத்திய கலாநிதி ரஜனி திராணகம, கணித விரிவுரையாளர்கள் ராஜன் ஹூல், க. சிறீதரன், உளமருத்துவர் தயா சோமசுந்தரம் ஆகிய நால்வரும் 'முறிந்த பனை' என்ற நூலை எழுதினர். இலங்கை அரச படைகள், இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் என எவரையும் விடாமல், எல்லாத் தரப்பினரது கொடுமைகளையும் அந்நூல் பதிவு செய்தது. ரஜனி 1989 செப்டெம்பர் 21 ஆம் திகதி, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 35.

அடுத்த ஆண்டு 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாண நகர முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துள் ஊரைவிட்டு நீங்கும்படி விடுதலைப் புலிகளால் பணிக்கப்பட்டனர். அந்த ஒக்டோபரில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் அகதிகளாயினர். பெரும்பாலோர் புத்தளத்தை நோக்கிப் போயினர். அயலவர் பலர் கண்ணீர் விட்டனர் என்பதை எம் முதியோர் இன்றும் சொல்வர். ஆனால் வெளிப்படையாகப் பேசும் துணிவு எவருக்கும் எளிதாக இருக்கவில்லை. அவ்வேளையில் ரஜனியின் தோழர்கள், தாமே தலைமறைவாக இருந்தபடி, அந்த வெளியேற்றத்தை அநீதியென்று தம் அறிக்கைகளில் எழுதினர்.

அதே வட்டத்தைச் சேர்ந்தவர் செல்வி என அறியப்பட்ட செல்வநிதி தியாகராஜா. யாழ் பல்கலைக்கழகத்தில் அரங்கியல் பயின்ற கவிஞர். 'தோழி' என்ற பெண்கள் சஞ்சிகையை நடத்தியவர். 1991 ஓகஸ்ட் 30 ஆம் திகதி புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. 1992 இல் எழுத்துச் சுதந்திரத்துக்கான சர்வதேச பென் விருது அவருக்கு வழங்கப்பட்டபோது பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

இவர்களிடம் கொள்கைகள் தொகுதியாக இருந்ததற்குக் காரணம் தர்க்கமா, சேர்க்கையா என்று இப்போது பிரிப்பது கடினம். ஆனால் தம் பக்கத்தாரின் கோபம் தம்மேல் விழும் வேளையிலும் அத்தொகுதி சிதறவில்லை. சேர்க்கையால் மட்டும் வந்த கொள்கை, சேர்க்கை கோபிக்கும்போது உதிர்ந்துவிடும். உதிராமல் நின்றது எதுவோ, அதுவே அவர்கள் சொந்தமாக்கிக்கொண்ட கொள்கை.

எம்மை நாமே உரைத்துப் பார்த்தல்

பிறரை அளந்த கோலால் எம்மையும் அளக்க வேண்டும். 2020 மே மாதத்தில் 'நவரசம்' என்ற கவிதை நூலுக்காக இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவருக்காக எம் சமூகத்தில் பலர் வருந்தினோம். அதற்குச் சுமார் ஓராண்டு முன், 2019 ஏப்ரலில், சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் 'அர்த' என்ற சிறுகதைக்காகக் கைது செய்யப்பட்டிருந்தார். கதை பௌத்த மதத்தைப் புண்படுத்துவதாகப் பிக்குமார் முறையிட்டனர். மனித உரிமைகளைக் காப்பதற்கென்று 2007 இல் இயற்றப்பட்ட குடியியல், அரசியல் உரிமைகள் சட்டமே அவருக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டது. நான்கு மாதங்களுக்கு மேல் அவர் மறியலில் இருந்தார். அவருக்காக எம்முள் எத்தனை பேர் வருந்தினோம்?

இன்னும் அருகில் ஒரு வினா உண்டு. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துவது பற்றி நீண்ட காலமாகப் பேசப்படுகிறது. 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் நியமிக்கப்பட்ட குழு 2018 இல் அறிக்கை கையளித்தது. குழுவினருக்குள்ளேயே இரு கருத்து இருந்தது. திருமணத்துக்குரிய குறைந்த வயது, மணமகளின் கையொப்பம், பெண் காதிமார் என்பவை விவாதப் பொருள்கள். இவற்றில் ஒரு மாணவி எந்தக் கருத்தையும் கொள்ளலாம். திருத்தம் வேண்டும் எனலாம், வேண்டாம் எனலாம். ஆனால் பேச வந்த பெண்ணை, அவள் எந்தப் பக்கமாயினும், வசைமொழியால் வாயடைக்கும்போது, பேச்சுரிமை எமக்கு எதிராளியிடம் கேட்கும் பொருளாக மட்டுமே இருக்கிறது என்றாகிவிடும்.

திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயத்து 135 ஆவது வசனம், நீதிக்காக நிலைத்து நிற்கும்படியும், அது தமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் உண்மைக்குச் சாட்சி கூறும்படியும் விசுவாசிகளைப் பணிக்கிறது. முன்னே நாம் சொன்ன உரைகல் அதுவேயாகும்.

மாணவியருக்கு ஒரு பயிற்சி. உங்கள் கொள்கைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று வினாக்களுக்கு விடை குறியுங்கள். இது என் மற்றக் கொள்கைகளிலிருந்து பிறந்ததா? என் அனுபவத்திலிருந்து வந்ததா? என் நண்பர்கள் சொல்வதால் நானும் சொல்கிறேனா? மூன்றாவது விடை வந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. நல்ல கொள்கைகளும் நண்பர் வழியே வருவதுண்டு. ஆனால் அதை இன்னும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்த் தின விவாதப் போட்டியில் சீட்டுக் குலுக்கி நாம் விரும்பாத பக்கம் கிடைத்தால், சலித்துக்கொள்ளாமல் அந்தப் பக்கத்துக்காக முழு மனத்தோடு பேசிப் பாருங்கள். தொகுதியாக வந்து சேர்ந்த கொள்கைகளுள் எவை எமக்குச் சொந்தமானவை, எவை ஒட்டிக்கொண்டு வந்தவை என்பது அப்போது தெரியவரும்.